முதலில் கழிப்பறை, அப்புறம் வண்ணப்பூச்சு

ஆசிரியருக்கு,

வடசென்னையில் அறக்கட்டளைகள் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளின் கட்டட நிலை பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். 2025 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது, மனதார வரவேற்றோம். ஆனால் அரசு மானியம் பெரும்பாலும் ஆசிரியர் சம்பளத்தோடு நின்றுவிடுகிறது. கூரையும் கழிப்பறையும் நிர்வாகத்தின் பாடு. என் மகள் இப்படியொரு பள்ளியில்தான் படித்தாள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதால் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்க மாட்டாள். கொடுத்தனுப்பிய பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வரும். அவளுடைய தோழிகளும் அப்படித்தான்.

கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. மணலி, எண்ணூர் ஆலைகளின் புகையைச் சுவாசிப்பவர்கள் இந்தப் பிள்ளைகள். பள்ளிக் கல்வித் துறை இப்பள்ளிகளின் தேவைகளைப் பட்டியலிட்டு அந்நிறுவனங்களிடம் கொடுக்க வேண்டும். பட்டியலில் கழிப்பறையும் குடிநீரும் முதலில் இருக்கட்டும். வண்ணப்பூச்சும் பெயர்ப்பலகையும் அப்புறம்.

— ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை