பால்சம்ரூட்டைத் தோண்டாதே, விதையை எடு

அன்பு மகள் பூங்கோதைக்கு,

இங்கு அனைவரும் நலம். மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் அடுத்த ஆண்டு வீடு கட்டப்போகிறார்கள் என்றும், அங்கே பூத்து நிற்கும் பால்சம்ரூட் என்ற மஞ்சள் காட்டுப்பூச் செடிகளில் ஒன்றிரண்டையாவது பெயர்த்து உன் தோட்டத்தில் நட நினைப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பூ அழிந்துவிடக் கூடாது என்று உனக்குத் தோன்றியதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் மண்வெட்டியைத் தொடாதே. கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: வளர்ந்த பால்சம்ரூட்டைத் தோண்டி வேறிடத்தில் நட்டால் அது பிழைப்பது மிக அரிது.

காரணம் அதன் வேர். மேலே முழங்கால் அளவுக்கு நிற்கும் இச்செடியின் ஆணிவேர் மரம்போல் தடித்து, பிசின் மணத்தோடு இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியது. உங்கள் ஐடஹோ மாநிலத்துப் போய்சியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மிகக் குறைவு. குளிர்காலப் பனி உருகி ஆழத்தில் தேங்கும் ஈரத்தை எட்டிப் பிடிக்கும் வேர்தான் அந்த வறண்ட மலையடிவாரத்தில் அதை வாழவைக்கிறது. நீ எவ்வளவு பொறுமையாகத் தோண்டினாலும் கையில் வருவது மேற்பகுதி மட்டுமே. நாற்பது ஆண்டுகள் வரைகூட வாழக்கூடிய செடி அது. அந்த மனையில் நிற்பவற்றில் சில உன்னைவிட மூத்தவையாக இருக்கலாம்.

ஆகவே செடியை விட்டுவிட்டு அதன் வம்சத்தைக் காப்பாற்று. பூவிதழ்கள் உதிர்ந்து பூந்தலைகள் பழுப்பேறியபின், ஜூன் மாதத்தில் விதை முற்றும். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றாலும் இதன் விதை சூரியகாந்தி விதையைவிட மெலிந்தது. காற்றில் மிதப்பதற்கான பஞ்சு அதற்குக் கிடையாது. தாய்ச்செடியின் காலடியிலேயே விழும். அதனால்தான் ஒரு சரிவு முழுக்க மஞ்சளாகவும், பக்கத்துச் சரிவு வெறுமையாகவும் இருப்பதை நீ பார்க்கிறாய். பூச்சிகளும் எலிகளும் பறவைகளும் நமக்கு முன்னால் வந்துவிடும் என்பதால், பாதி முற்றிய தலைகளுக்கு மெல்லிய துணிப்பை கட்டிவைப்பது நல்லது.

எடுக்கும் செடி எது என்பதில் கவனமாக இரு. அதே மலைகளில் மியூல்ஸ் இயர்ஸ் என்ற இன்னொரு மஞ்சள் பூவும் வளர்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சென்ற ஆண்டு உன்னுடன் இருந்தபோது ஹல்ஸ் கல்ச் பாதையோரம் குனிந்து இலையைத் தொட்டுக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? பால்சம்ரூட்டின் இலை அம்புமுனை வடிவில், ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளர்ந்து, இரு புறமும் வெள்ளி நிற ரோமம் படர்ந்து, பசுங்கன்றின் காதைத் தடவுவதுபோல் மென்மையாக இருக்கும். ரோமம் வெயிலைத் திருப்பி அனுப்பி ஈரம் வெளியேறுவதைக் குறைக்கிறது. மற்றதன் இலையோ பச்சையாக, மெருகேற்றியது போல் பளபளக்கும்.

இந்தச் செடி அந்த மண்ணுக்கு எவ்வளவு பழையது என்பதைப் பேத்திக்கும் சொல். நெஸ் பெர்ஸ் மக்கள் முதலாக அந்த நிலத்தின் பழங்குடியினர் பலர் இதன் இளந்தண்டைப் பச்சையாகத் தின்றார்கள், விதையை வறுத்து மாவாக்கினார்கள், வேரைக் குழியில் இட்டு வேகவைத்து உண்டார்கள். 1806இல் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற மெரிவெதர் லூயிஸ் கொலம்பியா ஆற்றங்கரையில் இதைப் பறித்து உலர்த்தியபோது, மக்கள் தண்டை அப்படியே உண்கிறார்கள் என்ற செய்தியையும் சேர்த்தே குறித்துவைத்தார். நாம் அறிவியல் பெயர் சூட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே அதை முழுதாக அறிந்தவர்கள் அவர்கள் என்பதை என் வகுப்புகளில் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இப்போது அதற்கு நேர்ந்திருக்கும் பெரிய தொல்லை சீட்கிராஸ். வெளியிலிருந்து வந்த அந்தப் புல் கோடையின் தொடக்கத்திலேயே காய்ந்து, ஒரு பொறி பட்டால் மலை முழுதும் தீயைக் கடத்துகிறது. 2016 ஜூன் இறுதியில் பட்டாசுப் பொறியால் உங்கள் ஊர் டேபிள் ராக் மலைப்பகுதியில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்ததை நீயே சொல்லியிருக்கிறாய். தீ மேலே எரித்தாலும் பால்சம்ரூட் வேர்த்தலையிலிருந்து மீண்டும் துளிர்க்கும்; அங்கே கூடவே வளரும் சேஜ்பிரஷ் புதருக்கு அந்த வலிமை இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப எரிந்த இடத்தில் புதிய விதை முளைத்து நிலைக்க வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. முளைக்குத் தேவையான வசந்தகால ஈரத்தைச் சீட்கிராஸ் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுகிறது. ஆகவே உன் தோட்டத்தில் விதைக்குமுன் அந்தப் புல்லை வேரோடு களைவது எல்லாவற்றையும்விட முக்கியம்.

விதையை அக்டோபர் கடைசியில் தூவி, விரல்கணு அளவுக்கு மேல் ஆழமாகாமல் மண்ணால் மூடிவிடு. இரண்டு மூன்று மாதக் குளிரும் ஈரமும் பட்டால்தான் அது முளைக்கும்; அந்த வேலையை உங்கள் ஊர்ப் பனி பார்த்துக்கொள்ளும். தண்ணீர் வடியும் சரிவாகத் தேர்ந்தெடு, புல்வெளிக் குழாயின் நீர் அங்கே படவேண்டாம். முதல் ஆண்டில் ஓரிரு இலைகள்தான் வரும், ஜூலையில் அவையும் காய்ந்து போகும். செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதே. கீழே வேர் இறங்கிக்கொண்டிருக்கும். பூவைப் பார்க்க மூன்று நான்கு ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் ஆகும். பேத்தி பெரிய வகுப்புக்குப் போயிருப்பாள்.

விதை எடுக்கும் முன் மனைக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். பொது மலைச்சரிவிலிருந்து எதையும் எடுக்காதே. அவர் எப்போது புல்டோசரைக் கொண்டுவருவார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள், விதை முற்றும்வரை அந்த மூலையை மட்டும் விட்டுவைக்க இசைவாரா என்றும் பார். பூ முடியும் காலம் நெருங்கிவிட்டதால் இந்த வாரமே போய்ப் பேசிவிடு. பேசியதும் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அம்மா