ககன்யான் வீரர்களின் கண்ணை இப்போதே அளந்து வையுங்கள்

நம் வீரர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காகப் பெங்களூரு மனித விண்வெளிப் பயண மையத்தில் பணியாற்றும் பெரியோர்களுக்கு,

வணக்கம். சிறிய ஊர் ஒன்றில் கண்ணாடிக் கடை வைத்துக் கண் பரிசோதனை செய்கிறவன் நான். ராக்கெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்துத் தெரிந்ததுதான். ஆனால் நாற்பதைத் தாண்டியவர்கள் பேப்பரைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு "எழுத்தே தெரியல சார்" என்று சொல்வதைத் தினமும் கேட்கிறேன். வெள்ளெழுத்து என்று சொல்லி, ப்ளஸ் ஒன்று, ஒன்றேகால் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து அனுப்பிவிடுவேன்.

ஒரு அம்மாவையும் அப்படித்தான் அனுப்பினேன். தலைவலியும் இருக்கிறது என்று அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தது. மண்டைக்குள் நீர் அழுத்தம் கூடியிருந்திருக்கிறது. எப்போதிலிருந்து வீக்கம் என்று டாக்டர் கேட்டார். பழைய ஸ்கேன் ஒன்றும் இல்லை, யார் என்ன சொல்வது?

விண்வெளி வீரர்களின் கண் விஷயத்திலும் இதே கேள்விதான் நாசாவை உலுக்கியது. போகிறவர்கள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். கிட்டப் பார்வை மங்கினால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவது சுலபம். 2005-ல் நாசா வீரர் ஜான் பிலிப்ஸ் ஆறு மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்துவிட்டு வந்தபோது, போகும்போது 6/6 (சரியான பார்வை) ஆக இருந்தது 6/30 ஆகியிருந்தது, அதாவது மற்றவர்கள் 30 மீட்டரில் படிப்பதை அவர் 6 மீட்டரில்தான் படிக்க முடிந்தது. 2009-ல் மைக்கேல் பாரட், பாப் தெர்ஸ்க் என்ற இரண்டு டாக்டர் வீரர்கள் மேலே இருந்தபடியே ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக் குறித்துவைத்தார்கள். 2011-ல் ஏழு வீரர்களின் கண் விவரம் பெயரில்லாமல் வெளியானது. ஐந்து பேருக்கு நரம்பு முனை வீக்கம், ஐந்து பேருக்குக் கண் உருண்டையின் பின்புறம் தட்டையாகியிருந்தது. சுமார் 300 வீரர்களைக் கேட்டதில், நீண்ட பயணம் போனவர்களில் 60 சதவீதம் பேர் பார்வை குறைந்ததாகச் சொன்னார்கள்.

இதில் தட்டையாவது என்ற ஒன்றுதான் என் தொழிலுக்கு நேராக வருகிறது. கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் இரண்டரை முதல் மூன்று வரை ப்ளஸ் பவர் ஏறிவிடும். அரை மில்லிமீட்டர் அமுங்கினாலே என் கடையில் ஒரு கண்ணாடி விற்றுவிடும்!

ஏன் அமுங்குகிறது? எடையில்லாத இடத்தில் காலிலிருந்து ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர்மம் மேல்நோக்கி நகர்கிறது. முகம் உப்பும், கால் குச்சியாகும். நம் வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 26 அன்று அந்த நிலையத்துக்குள் நுழைந்ததும் தலை கொஞ்சம் கனமாக இருக்கிறது என்றாரே, அது எனக்கு இதைத்தான் ஞாபகப்படுத்தியது. சரி, மண்டைக்குள் அழுத்தம் எகிறுகிறது என்று முடித்துவிடலாமா என்றால் அதுவும் இல்லை. சிகிச்சைக்காகத் தலையில் ஏற்கனவே சிறு குழாய் பொருத்தப்பட்டிருந்த சிலர், சில விநாடி எடையின்மை தரும் விமானத்தில் பறந்தார்கள். அவர்களுடைய அழுத்தம் நிற்கும்போது இருப்பதைவிட அதிகம், ஆனால் மல்லாந்து படுத்திருப்பதைவிடக் குறைவு. பூமியில் நாம் காலையில் எழுந்து நின்றதும் தலைக்கு ஓய்வு கிடைத்துவிடுகிறது, மேலே அந்த ஓய்வு மாதக்கணக்கில் கிடைப்பதில்லை என்பதுதான் இப்போது பலமாகப் பேசப்படும் விளக்கம். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆட்களைத் தலையணைகூடத் தராமல், தலை தாழ்ந்திருக்கும்படி முப்பது நாள் படுக்கவைத்தார்கள். சிலருக்கு நரம்பு முனை வீங்கியே விட்டது.

ககன்யான் பயணம் மூன்று நாள்தான். மூன்று நாளில் கண்ணுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அதனால் அவசரம் என்ன என்று தோன்றும். அப்படி விட்டால் 2035-ல் நம் சொந்த விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கப்போகிறவர்களின் கண்ணை எதோடு ஒப்பிடுவீர்கள்?

நம் வீரர்கள் வந்த விமானப்படையில் பார்வைச் சோதனை கடுமை என்று தெரியும். ஆனால் 6/6 என்பது மட்டும் போதாது. நாற்பதுக்குள் இருப்பவரின் கண் ஒரு ப்ளஸ் பவரை உள்ளேயே சமாளித்துக்கொண்டு, சார்ட்டில் கடைசி வரியையும் அலட்டிக்கொள்ளாமல் படித்துவிடும். கண்ணின் அந்தச் சமாளிப்பைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும். அப்புறம், கண்ணின் நீளத்தை அளக்க வேண்டும். புரை ஆபரேஷனுக்கு முன் லென்ஸ் பவர் கணக்குப் போடுகிற அதே மெஷின் போதும், மதுரை அரவிந்த் முதல் ஓரளவு பெரிய கண் ஆஸ்பத்திரிகள் வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. நரம்பு முனைக்கு ஓசிடி ஸ்கேன், அதாவது ஒளியால் கண்ணின் உள்ளடுக்குகளைப் படமெடுப்பது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக, ஏனென்றால் ஒரு கண்ணில் மட்டும் மாறுவதும் உண்டு. மேலே போகாமல் தரையில் பயிற்சி எடுப்பவர்களுக்கும் வருடா வருடம் இதைச் செய்ய வேண்டும். இறங்கிய வாரத்தோடு நிறுத்திவிடாதீர்கள், சிலருக்கு ஏறிய பவர் வருடக்கணக்கில் இறங்கவே இல்லை.

இதையெல்லாம் நீங்கள் செய்துகொண்டே இருக்கலாம். அப்படியானால் எண்களை வெளியிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. அறிவிக்கப்பட்ட வீரர்கள் நான்கே பேர், பெயரை மறைத்தாலும் யார் என்று ஊகித்துவிடுவார்கள் என்ற சங்கடம் புரிகிறது. அவர்களிடமே சம்மதம் கேளுங்கள், வேண்டாம் என்றால் ஆள் சேரும்வரை பொறுத்து வெளியிடுங்கள். எடுத்துப் பத்திரப்படுத்துவதைத் தள்ளிப்போட மட்டும் காரணம் இல்லை.

இன்னொரு சின்ன விஷயம். நாசா தன் வீரர்களுக்கு மேலே பவர் மாறினால் போட்டுக்கொள்ளக் கூடுதல் கண்ணாடி கொடுத்தனுப்புகிறது. நிலையத்துக்கான சாமான் பட்டியல் எழுதும்போது ஆளுக்கு மூன்று ஜோடி ப்ளஸ் கண்ணாடி சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபிரேமின் கம்பி காதை நன்றாகக் கவ்வட்டும், அங்கே மூக்கில் உட்காராது, மிதக்கும்.

அன்புடன்,
ஒரு கண்ணாடிக் கடைக்காரன்