உயரத்தை விடுங்கள், பின்வாசலைக் கேளுங்கள்: எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சாலிகிராமம், சென்னை

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய ஸ்டூடியோ குடோன் இருந்த இடத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடி டவரை எதிர்த்து நீங்கள் தயாரித்த மனு நேற்று எங்கள் பிளாட்டுக்கும் வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. வாட்ச்மேனிடம் திருப்பிக் கொடுத்தது தலைக்கனத்தால் என்று மாடிவீட்டு மாமி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கட்டட வரைபடம் போட்டே சாப்பிட்டவன் என்பதால், இந்த மனு போகிற இடத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் பத்தியிலேயே அதிகாரி பேனாவை மூடிவிடுவார்.

முதல் பத்தியில் என்ன எழுதியிருக்கிறோம்? 'கட்டடத்தின் உயரத்தைக் குறைக்க வேண்டும்.' எந்த விதிப்படி? 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். முன்னால் 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால் நிலப்பரப்பைப் போல 3.25 மடங்கு கட்டலாம். இந்த மடங்குக் கணக்குக்குப் பெயர் எஃப்.எஸ்.ஐ. அரசுக்குக் கூடுதல் கட்டணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கினால் அதற்கு மேல் இன்னும் பாதி. அதாவது ஏறத்தாழ 4.88 மடங்கு. குடோன் இடம் 22 கிரவுண்டு (கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி) என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டால் இரண்டரை லட்சம் சதுர அடி, சுமார் 200 வீடு வரும். பிடிக்கிறதோ இல்லையோ, இது விதிக்கு உட்பட்டதுதான்.

இரண்டாவது பத்தியில் நிழல், காற்று, மொட்டைமாடியில் துணி காய்வது. துணி விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்று. உயர்மாடிக் கட்டடத்துக்கு நாலு பக்கமும் குறைந்தது 7 மீட்டர் விட வேண்டும், உயரம் கூடக்கூட அதுவும் கூடும். நம்முடைய மூன்று மாடி பிளாட்டுகளில் பக்கத்துக் கட்டடத்துக்கும் நமக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது? எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எதிர்வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைத் தொடலாம். இங்கே தனிவீடுகளை இடித்து நம் பிளாட்டுகள் வந்தபோதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இதையேதான் சொன்னார்கள். வடபழனியில் வாகினி ஸ்டூடியோ நின்ற இடத்தில் இன்று மால் நிற்கிறது. ஆற்காடு சாலை மேல் மெட்ரோ தூண்கள் வந்துவிட்டன. ரயில் வந்த இடத்தில் ஆளும் வருவார்கள்.

ஆக, சண்டை போட வேண்டாம் என்கிறேனா? போட வேண்டும். போட வேண்டிய இடம் வேறே.

டவரின் முகப்பு பெரிய சாலையில் இருக்கிறது. அந்த அகலத்தைக் காட்டித்தான் 3.25 கிடைத்திருக்கும். ஆனால் மனையின் பின்பக்கம் நம் தெருவைத் தொடுகிறது. நம் தெரு டேப் வைத்து அளந்தால் இருபது அடி. இரண்டு பக்கமும் நிற்கும் வண்டிகளைக் கழித்தால் ஒரு ஆட்டோ போகலாம். இப்போது பின்பக்கத் தகரத் தடுப்பில் ஒரு கேட் வைத்திருக்கிறார்கள், கம்பி லாரி உள்ளே போக. அது கட்டுமான காலத்துக்கு மட்டுமா, இல்லை நிரந்தர வாசலா? அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அது இருக்க வேண்டும். இந்த அளவுத் திட்டத்தை ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விற்க முடியாது. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் விவரங்களைப் பார்க்கலாம். நம் சங்கத்தில் யாராவது பார்த்தோமா? 200 வீட்டுக் கார்களும் காலை எட்டரை மணிக்கு நம் இருபது அடிக்குள் திரும்பப்போகிறதா என்பதற்கு அந்தத் தாளில் பதில் இருக்கிறது. மனுவில் இந்தப் பின்வாசலைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அடுத்தது தண்ணீர். பேஸ்மென்ட்டுக்குத் தோண்டிய பள்ளத்தில் ஊறும் நீரை இரவு பகலாக மோட்டார் போட்டு வெளியேற்றுகிறார்கள். நீல ஹோஸ் பின்கேட் வழியாக வந்து மழைநீர் வடிகாலில் இறங்குகிறது. அண்ணாச்சி கடை எதிரே இருக்கும் மூடியைப் போன வாரம் மாநகராட்சிப் பணியாளர் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். அடியில் அரைத்த சந்தனத்தை ஊற்றிவைத்ததுபோல வழவழவென்று ஒரு கனம். அஸ்திவாரத் தூணுக்கு (பைல்) மண்ணில் துளை போடும்போது அது சரியாமல் இருக்க பென்டோனைட் என்ற களிமண் கரைசலை ஊற்றுவார்கள். நான் பார்த்தது அதுதான் என்று நினைக்கிறேன். அது வடிகாலில் படிந்தால் இறுகிவிடும். நம் பகுதி மழைநீர் விருகம்பாக்கம் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து கூவத்துக்குப் போக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தக் கால்வாய் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகாலை பில்டர் செலவில் தூர்வார வேண்டும், வண்டல் தொட்டி கட்டாமல் ஒரு வாளித் தண்ணீரும் வடிகாலில் விடக்கூடாது. கேட்க வேண்டியது இதை.

கட்டி முடித்த பிறகும் தண்ணீர்தான். ஒரு வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று அரசு வைக்கும் அளவையே வைத்தால், 200 வீட்டுக்கு 1,08,000 லிட்டர். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணி வராத நாளில் 12,000 லிட்டர் லாரி ஒன்பது. லாரி கிடைக்காத நாளில் ஆழமான போர்வெல். அவர்கள் போர் எங்கே இறங்குகிறதோ அதற்கு மேலே நம் போர் காய்ந்து கிடக்கும். 2019-ல் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். எத்தனை போர், எவ்வளவு ஆழம், கழிவுநீரைச் சுத்திகரித்து ஃபிளஷுக்கு விடும் குழாய் தனியாக இருக்கிறதா, அந்த 7 மீட்டர் காலியிடத்துக்கு அடியிலும் பேஸ்மென்ட் நீள்கிறதா, மழைநீர் மண்ணுக்குள் இறங்க இடம் விட்டிருக்கிறார்களா? கட்டட நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்காது. நம் கேள்விகள் அந்தச் சான்று தரும் நாளுக்கு முன்னால் கோப்பில் ஏறியிருக்க வேண்டும்.

ஓ.எஸ்.ஆர்., அதாவது பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டிய நிலம், அதைப் பற்றி ஒரு வார்த்தை. மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு. 10,000-ஐத் தாண்டினால் நிலமாகவே கொடுக்க வேண்டும். இந்த 22 கிரவுண்டு ஏறத்தாழ 4,900 சதுர மீட்டர், நடுவில் வருகிறது. பணமாகவும் கட்டிவிடலாம். நிலமாக என்றால் இரண்டு கிரவுண்டு சொச்சம், ஒரு சின்ன பூங்கா. பணமாக என்றால் நமக்கு ரசீதுகூடக் கண்ணில் படாது. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணமும் உள்கட்டமைப்புக் கட்டணமும் அப்படித்தான். நம் தெருவின் பாரத்துக்காக வாங்கும் பணம் மாநில அளவிலான நிதியில் போய்ச் சேர்கிறது. 2008-ல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாம் பெருந்திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) காலம் 2026-உடன் முடிகிறது, அடுத்தது தயாராகிறது. கட்டணத்தில் ஒரு பங்கு அந்தந்த வார்டின் வடிகாலுக்கும் குழாய்க்கும் திரும்பி வர வேண்டும் என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கும் வீட்டுவசதித் துறைக்கும் தனி மனு போடலாம். அதில் முதல் கையெழுத்து என்னுடையது.

கடைசிப் பத்திக்கு வருகிறேன். இதைப் படித்துத்தான் காகிதத்தை மடித்து வைத்தேன். 'வெளிமாநிலத் தொழிலாளர்களின் கொட்டகைகளை அகற்ற வேண்டும், பெண்கள் நடமாட அஞ்சுகின்றனர்.' எந்தப் பெண் எப்போது அஞ்சினார் என்று செயலாளர் சாரிடமே கேட்டேன், பதில் வரவில்லை. நம்மிலிருந்து சில கிலோமீட்டரில், போரூரை ஒட்டிய மவுலிவாக்கத்தில், 2014 ஜூன் 28-ம் தேதி 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள். மிக்ஜாம் மழையில் வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானப் பள்ளம் சரிந்து இரண்டு பேர் உள்ளே சிக்கி இறந்தார்கள். நம் தெருப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து தகரக் கொட்டகை எவ்வளவு தூரம் என்று எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எட்டு எடுத்து வைத்தால் பள்ளம். கொட்டகையை அகற்றச் சொல்லுங்கள், நானும் சேர்கிறேன். ஆனால் விளிம்பிலிருந்து தள்ளி, கழிப்பறையோடு, மழைக்கு ஒழுகாத இடத்துக்கு என்று சேர்த்து எழுதுங்கள். அந்த 'அஞ்சுகின்றனர்' போக வேண்டும்.

பள்ளம் சரிந்தால் அடுத்து சரிவது நம் காம்பவுண்டுச் சுவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதே எல்லாரும் அவரவர் சுவர்களை, தேதி தெரிய போட்டோ எடுத்து வையுங்கள். இருக்கும் விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். 'உங்கள் வீடு பழசு, விரிசலும் பழசு' என்று சைட் இன்ஜினியர் சொல்லும்போது காட்ட அதுதான் கையில் இருக்கும். கண்ணாடி நான் வெட்டித் தருகிறேன்.

ஞாயிறு கூட்டத்துக்குத் திருத்திய மனுவோடு வருகிறேன். பின்கேட், வடிகால், போர், ஓ.எஸ்.ஆர். நிலம், கொட்டகை, இவ்வளவுதான், ஒன்றரைப் பக்கம். பழைய மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் இதிலும் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். தாராளமாகப் போடலாம். வரும்போது டவரின் ரெரா பதிவு எண்ணை முகப்புப் பலகையிலிருந்து யாராவது குறித்துக்கொண்டு வாருங்கள். எனக்கு அவ்வளவு தூரத்து எழுத்து இப்போது தெரிவதில்லை.

இப்படிக்கு,
இரண்டாம் மாடி, பின்பக்க பிளாட்காரன்