அயர்லாந்து ரெக்கார்டு எல்லாம் எரிஞ்சு போகல, தயவுசெஞ்சு திருத்தி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பூர்வீகம் தேடறவங்கள பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா நடுவுல ஒரு வரி, 1922ல டப்ளின்ல ஆவணக் காப்பகம் எரிஞ்சு போனதால ஐரிஷ் வம்சாவளிக்காரங்க அவங்க மூதாதையர் ஊர கண்டுபிடிக்கவே முடியாதுன்னு இருந்துச்சு. அதப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. நான் பென்சில்வேனியால மகன் வீட்ல இருக்கேன், என் மருமக ஐரிஷ் வம்சம், ரெண்டு வருஷமா ராத்திரி பாத்திரம் கழுவி வச்சதும் நானும் அவளும் லேப்டாப் முன்னாடி உக்காந்து இதே வேலைதான் பண்ணிட்டு இருந்தோம், போன மார்ச்ல அவ எள்ளுத்தாத்தா பொறந்த இடத்த கண்டுபிடிச்சும் விட்டோம். அதனால அந்த வரி தப்புன்னு என்னால தைரியமா சொல்ல முடியும்.

எரிஞ்சது உண்மைதான். உள்நாட்டுப் போர்ல 1922 ஜூன் 30ஆம் தேதி ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்துல இருந்த பப்ளிக் ரெக்கார்டு ஆபீஸ் போச்சு, 1821லேர்ந்து 1851 வரைக்கும் எடுத்த நாலு சென்சஸும் கொஞ்சம் துண்டு துணுக்கு தவிர அதோட போச்சு, புராட்டஸ்டன்ட் சர்ச் ரெஜிஸ்டர்லயும் பாதிக்கு மேல போச்சு. ஆனா 1861, 1871 சென்சஸ் அந்த தீயில போகல, அதுக்கு முன்னாடியே கவர்மென்டே அழிச்சிட்டாங்க, 1881, 1891 ரெண்டையும் முதல் உலகப் போர் சமயத்துல கூழாக்கிட்டாங்க. தீ மேலயே எல்லா பழியையும் போடறது சரியில்ல. அதவிட முக்கியம் என்ன மிச்சம் இருக்குங்கறது. கத்தோலிக்க சர்ச் ரெஜிஸ்டர் எல்லாம் அந்தந்த பாரிஷ்லயே, அதாவது சர்ச் வட்டாரத்துலயே இருந்ததால தப்பிச்சிடுச்சு, 1880 வரைக்கும் உள்ளத நேஷனல் லைப்ரரி 2015ல இலவசமா ஆன்லைன்ல போட்டுட்டாங்க. 1864லேர்ந்து எல்லாரோட பிறப்பு இறப்பு கல்யாண பதிவும் இருக்கு. 1901, 1911 சென்சஸ் முழுசா இருக்கு, காசே இல்லாம பாக்கலாம். எரிஞ்சு போனதையும் மத்த இடங்கள்ல இருக்கற நகல வச்சு மறுபடி சேக்கற ஒரு டிஜிட்டல் காப்பகம் 2022ல தொடங்கியாச்சு.

அப்ப கஷ்டம் எங்கன்னா, எங்க தேடறதுங்கறதுலதான். அயர்லாந்துல ஊருங்கறது நாம நினைக்கற மாதிரி இல்ல. அங்க டவுன்லேண்டுன்னு ஒண்ணு, பேர்ல டவுன் இருக்கேன்னு நினைக்காதீங்க, பல டவுன்லேண்டுல கடைகூட இருக்காது, சில வீடு, வயல், ஒரு பேரு, அவ்ளோதான். அப்படி 60,000க்கு மேல இருக்கு. அது சேந்து பாரிஷ், பாரிஷ் சேந்து பேரனி, அப்புறம் கவுன்ட்டி, மொத்தம் 32 கவுன்ட்டி. டவுன்லேண்டு தெரியலன்னாலும் பாரிஷாவது தெரியணும், வெறும் கவுன்ட்டி பேர வச்சுகிட்டு மர்ஃபி, ரையன் மாதிரி ஒரு சர்நேம தேடினா நூத்துக்கணக்குல வந்து நிக்கும், ஒண்ணுக்கும் உதவாது.

இதுலதான் எல்லாரும் தடுக்கி விழறாங்க, நாங்களும் விழுந்தோம். அமெரிக்கா ரெக்கார்டுல அந்த காலத்து கப்பல் லிஸ்ட், சென்சஸ், சிட்டிசன்ஷிப் பேப்பர், எத எடுத்தாலும் அயர்லாந்துன்னு ஒத்த வார்த்தைதான் இருக்கும். மருமக வீட்ல பரம்பரையா நாங்க கார்க்குன்னு சொல்லிட்டு இருந்தாங்க, அத நம்பி ஆறு மாசம் கார்க் கவுன்ட்டி ரெஜிஸ்டர புரட்டினோம். கடைசியில பாத்தா அவர் கப்பல் ஏறினது கார்க் துறைமுகத்துல, குவீன்ஸ்டவுன்ல, அதாவது 1849ல விக்டோரியா ராணி வந்தப்ப அந்த பேர வச்சு, இப்ப கோவ்னு சொல்றாங்களே அந்த ஊர்ல. ஏறின இடத்தையே பொறந்த இடமா பிள்ளைங்க நினைச்சுகிட்டாங்க. அதுக்கு முன்னாடி சம்பந்தி ஒரு கம்பெனிக்கு பணம் கட்டியிருந்தார், அவங்க ஃபிரேம் போட்டு ஒரு குடும்பச் சின்னம் அனுப்பி வச்சாங்க, அந்த சர்நேம் உள்ள எல்லாருக்கும் சொந்தம்னு. அந்த மாதிரி சின்னமெல்லாம் தனி ஆளுக்கு குடுக்கறது, சர்நேமுக்கு குடுக்கறது இல்ல. பாவம் அவர் ஹால்ல மாட்டி வச்சிருந்தார், எனக்கு அத நினைச்சா இன்னும் கோவம் வருது.

வழி தெறந்தது எப்படின்னா, அவரையே தேடறத விட்டுட்டு அவர சுத்தி இருந்தவங்கள தேட ஆரம்பிச்சோம். அவரோட மூத்த பிள்ளைக்கு 1868ல இங்க நிலக்கரி ஊரு சர்ச்ல ஞானஸ்நானம் குடுத்திருக்காங்க, ஞானத்தாய் யாருன்னு பாத்தா அதே சர்நேம். தங்கச்சியோ அக்காவோன்னு அவ கல்யாணத்த தேடி, புருஷன் பேர தேடி, கடைசியா அவள புதைச்ச இடத்துக்கே போயிட்டோம். இங்க பென்சில்வேனியா ஸ்கூல்கில் கவுன்ட்டியில ஒரு மலைச்சரிவு, கல்லு முழுக்க பாசி. மருமக தேய்க்கப் போனா, நான் கைய புடிச்சு நிறுத்தினேன், பழைய கல்லுல பிரஷ்ஷும் சோப்பும் போட்டா எழுத்தே உதிர்ந்துடும். வெறும் தண்ணி ஊத்தினோம், காருல இருந்த கண்ணாடிய எடுத்துட்டு வந்து வெயில பக்கவாட்டுல சாய்ச்சு காட்டினோம், அப்படி காட்டினா பள்ளத்துல நிழல் விழும் இல்லையா, ஒவ்வொரு எழுத்தா மேல வந்துச்சு. பேரு, 1889, அதுக்கு கீழ நேட்டிவ் ஆஃப் தி பாரிஷ் ஆஃப் பாலிங்கேரி, கவுன்ட்டி டிப்பெரரி, அதாவது அந்த பாரிஷ்காரின்னு. அவ அங்கயே தரையில உக்காந்துட்டா. அவ எள்ளுத்தாத்தா கல்லுல ஒண்ணுமே இல்ல, கூடப் பொறந்தவ கல்லுலதான் மொத்த குடும்பத்துக்கும் பதில் இருந்திருக்கு.

ஆனா டிப்பெரரியில பாலிங்கேரின்னு ரெண்டு பாரிஷ் இருக்கு, பக்கத்து லிமரிக் கவுன்ட்டியில இன்னும் ரெண்டு. ஒரே பேரு பத்து இடத்துல இருக்கறது அயர்லாந்துல சாதாரணம். எது நம்மளதுன்னு எப்படி முடிவு பண்றது? எள்ளுத்தாத்தா இங்க வந்து நேரா சுரங்கத்துல எறங்கியிருக்கார், சும்மா கூலியா இல்ல, நிலக்கரி வெட்டற தொழிலாளியா. அயர்லாந்துலேர்ந்து வந்தவங்கள்ல முக்காவாசி பேரு விவசாயக் குடும்பம், நிலக்கரி வெட்டத் தெரிஞ்சவங்க ரொம்ப கம்மி. தெக்கு டிப்பெரரியில ஸ்லீவ்ஆர்டா மலைப்பக்கம் நிலக்கரி சுரங்கம் இருந்துச்சு, அந்த பக்கத்துலதான் ரெண்டுல ஒரு பாலிங்கேரி. அங்க கத்துகிட்ட தொழில இங்க கொண்டு வந்திருக்கார்.

அதுக்கப்புறம் கிரிஃபித் வேல்யுவேஷன். 1847லேர்ந்து 1864 வரைக்கும் அயர்லாந்து முழுக்க யார் எந்த நிலத்த, வீட்ட வச்சிருக்காங்கன்னு வரி போடறதுக்காக எடுத்த கணக்கு, அச்சுல வந்ததால தீ ஒண்ணும் பண்ணல, சென்சஸ் இல்லாத குறைய பாதி தீக்கறது இதுதான். இதுல ஒரு சூட்சுமம் சொல்றேன், அப்பா சர்நேம மட்டும் தேடாதீங்க, அம்மாவோட பொறந்த வீட்டு சர்நேமையும் சேத்து தேடுங்க, ரெண்டும் ஒரே பாரிஷ்ல பக்கத்துப் பக்கத்துல வருதான்னு பாருங்க. ஐரிஷ் கத்தோலிக்க ரெஜிஸ்டர்ல அம்மாவோட சர்நேம பெரும்பாலும் எழுதி வச்சிருப்பாங்க, அந்த பழக்கத்துக்கு கையெடுத்து கும்பிடணும். எங்களுக்கு அவர் கல்யாண ரெக்கார்டுல அப்பா அம்மா பேரு இருந்துச்சு, அத வச்சு ஞானஸ்நான ரெஜிஸ்டர்ல 1839ல அக்காவும் 1843ல அவரும் வரிசையா கிடைச்சாங்க. எழுத்து லத்தீன்ல, மை மங்கி, பக்கம் பூரா கறை. ஜேம்ஸ ஜேகோபுஸ்னு எழுதியிருப்பாங்க, பயந்துடாதீங்க. சர்நேம்ல ஓ, மேக் போட்டும் போடாமலும் இருக்கும், ஸ்பெல்லிங் காதுல விழுந்தபடி இருக்கும், வயசு அஞ்சாறு வருஷம் முன்னபின்ன இருக்கும், அத பாத்து இது நம்ம ஆள் இல்லன்னு தள்ளிடக் கூடாது.

டவுன்லேண்டு கிடைச்சது வேற ஒருத்தங்களால. கப்பல் ஏறாம அங்கயே தங்கிட்ட எள்ளுத்தாத்தாவோட கடைசி தங்கச்சி. 1908ல முதியோர் பென்ஷன் சட்டம் வந்துச்சு, 70 வயசு ஆனவங்களுக்கு, ஆனா 1864க்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு பர்த் சர்ட்டிபிகேட் ஏது? அதனால அப்ப எரியாம இருந்த 1841, 1851 சென்சஸ்ல உங்க பேரு இருக்கா பாருங்கன்னு விண்ணப்பம் போடுவாங்க, கிளார்க் தேடிப் பாத்து அதுலயே எழுதி வைப்பார். சென்சஸ் எரிஞ்சு போச்சு, அந்த விண்ணப்பத் தாளு மிஞ்சிடுச்சு, அதுவும் இப்ப ஆன்லைன்ல இலவசம். அந்த கிழவி போட்ட தாள்ல அப்பா பேரு, அம்மா பேரு, பாலிங்கேரி பாரிஷ், டவுன்லேண்டு ஃபாரன்ரோரி. ஃபாரன்னா ஐரிஷ்ல நிலம்னு அர்த்தம். 1848 ஜூலை 29ஆம் தேதி, பஞ்சம் தலைவிரிச்சு ஆடின நேரத்துல, வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன் தலைமையில பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்து கலகம் நடந்து போலீஸ்காரங்க ஒரு விதவையோட வீட்டுக்குள்ள பூந்துகிட்டாங்களே, அந்த வீடு இருக்கறதும் அதே ஃபாரன்ரோரிதான். அப்ப எள்ளுத்தாத்தாவுக்கு அஞ்சு வயசு, துப்பாக்கி சத்தம் கேட்டிருக்கும். மருமக அத படிச்சிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கல்லும் சர்ச்சும் கைகொடுக்காதவங்க பாஸ்டன் பைலட் பத்திரிகையில 1831லேர்ந்து 1921 வரைக்கும் வந்த காணாமப் போன சொந்தக்காரங்க விளம்பரங்கள பாருங்க, அண்ணன தேடற தம்பி, புருஷன தேடற பொண்டாட்டின்னு ஆயிரக்கணக்குல, அதுல பாரிஷ் டவுன்லேண்டு வரைக்கும் குடுத்திருப்பாங்க.

பஞ்சத்துல சுமார் பத்து லட்சம் பேர் செத்து, இன்னொரு பத்து லட்சம் பேர் ஊர விட்டு போன நாடு அது. அவங்க பிள்ளைங்களோட பிள்ளைங்க இப்ப நம்ம வீட்டுலயும் மருமகளா மருமகனா வந்திருக்காங்க, பேரப்பிள்ளைங்களுக்கும் அது பூர்வீகம்தான். வழியே இல்லன்னு ஒரு பேப்பர்ல அச்சாகி வந்தா தேட நினைக்கறவங்க அதோட விட்டுடுவாங்க. அதனால அந்த வரிய அடுத்த ஞாயிறு இதழ்ல திருத்திப் போடுங்கன்னு கேட்டுக்கறேன். வெளிநாட்டுல ஐரிஷ் சம்பந்தம் உள்ள வாசகர்கள் யாராவது இருந்தா, பனிக்காலம் வர்றதுக்குள்ள கல்லறைக்கு போய் கூடப் பொறந்தவங்க கல்லு உட்பட எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ஒவ்வொரு பனிக்கும் கல்லு கொஞ்சம் கொஞ்சமா உரிஞ்சு வருது, எங்க கல்லுலயே வருஷத்தோட கடைசி 9 இப்ப பாதிதான் தெரியுது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பென்சில்வேனியா