பெயரை யாரும் திருடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகி மனம் வெதும்பி எழுதியிருந்தார். ஊரில் யாருக்கும் இல்லாத பெயராகத் தேடித் தேடி மகனுக்கு வைத்தாராம். எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனால் அதே பெயரில் இன்னும் இரண்டு பேர். தம் பெயரை அக்கம்பக்கத்தார் காதில் வாங்கிக்கொண்டு 'திருடிவிட்டார்கள்' என்று முடித்திருந்தார். வருத்தம் நியாயமானது. திருட்டுப் பட்டம் மட்டும் நியாயமில்லை. அந்த அம்மாவிடமிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் போய்த் தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் இந்தக் கதை நடந்தது. என் தங்கை மகள் முழுகாமல் இருந்தபோது கணவரோடு கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனாள். 2023-இல் அதைத் திறந்த புதிது. மதுரையே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்த நேரம். பானை ஓட்டில் தமிழி எழுத்தில் கீறியிருந்த 'ஆதன்' என்ற பெயரைப் பார்த்ததும், பையன் பிறந்தால் இதுதான் என்று இருவரும் அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். மாமியார் பாண்டி முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டவர். பெயரில் எங்காவது பாண்டி வந்தாக வேண்டும் என்றார். அது எடுபடவில்லை. பையன் கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்து ஜோசியர் சொன்ன எழுத்தும் பொருந்திவிடவே, தொட்டில் போட்ட அன்று அத்தைக்காரி குழந்தையின் காதில் மூன்று முறை 'ஆதன்' என்று சொல்லிவிட்டாள்.

ஒரு வயதில் காதணி விழா. நம் ஊரில் காதணி விழா என்றால் மண்டப வாசலில் பிளக்ஸ் வைக்காமல் முடியுமா? மருமகனோடு நானும் பிளக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கணினியில் இருந்த பையன் குழந்தையின் பெயரைக் கேட்டான். சொன்னோம். அவன் தட்டச்சுகூடச் செய்யவில்லை. பழைய கோப்பு ஒன்றைத் திறந்தான். இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில், தங்க நிறத்தில் சட்டம், நடுவில் கொழுத்த சிவப்பு எழுத்தில் 'ஆதன்', அதன் கீழே தலையில் கிரீடம் வைத்த, யாரோ பெற்ற பிள்ளை. "எழுத்து அலங்காரம் தயாராக இருக்கிறது அம்மா. படத்தையும் தாய்மாமன்கள் பெயரையும் மாற்றினால் போதும்" என்று சொல்லி, கூலியிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். மருமகன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பிள்ளையின் பெற்றோர் ஆரப்பாளையம் பக்கமாம். இவர்கள் அவர்களைப் பார்த்ததுமில்லை, அவர்கள் இவர்களைப் பார்த்ததுமில்லை. ஆனால் அதே அருங்காட்சியகத்தில் அதே ஓட்டின் முன்னால் நின்றிருப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கீழடியிலேயே ஓர் ஓட்டில் 'ஆதன்' என்றும் இன்னொன்றில் 'குவிரன் ஆதன்' என்றும் இருக்கிறது. அந்தக் காலத்திலேயே ஓர் ஆதனை இன்னோர் ஆதனிடமிருந்து பிரித்துக் காட்ட முன்னால் ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கிறது போலும்.

நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வருகைப் பதிவேட்டைப் புரட்டியே காலம் தள்ளியவள் என்பதால் இதில் கொஞ்சம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். ஒரு பெயர் அபூர்வமா இல்லையா என்பதைப் பெற்றோர் எப்படி முடிவு செய்கிறார்கள்? தெரிந்தவர்களில் யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள்: முருகேசன், செந்தில், சுரேஷ், கவிதா, மகேஸ்வரி. இவர்களுக்கு நடுவே ஆதனும் மகிழனும் யாழினியும் அபூர்வம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளை இவர்களோடா பள்ளிக்குப் போகப்போகிறது? அதன் பக்கத்தில் உட்காரப்போகிறவர்கள் இன்னும் தொட்டிலில் கிடக்கிறார்கள்; சிலர் பிறக்கவே இல்லை. அவர்களுடைய பெயர் யாருக்கும் தெரியாது. பள்ளி திறக்கும் நாளில்தான் குட்டு வெளிப்படுகிறது.

அதோடு எல்லோர் கையிலும் இருப்பது ஒரே சல்லடை. முதலில் நட்சத்திர எழுத்து: கார்த்திகைக்கு அ, இ, உ, எ, ரோகிணிக்கு ஒ, வ, வி, வு. (ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ என்கிறார்கள். டகரத்தில் தொடங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றை அந்த ஜோசியர்களே கண்டுபிடித்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.) பிறகு எண் கணிதக் கூட்டுத்தொகை. பிறகு பெயர் சின்னதாக இருக்க வேண்டும், தமிழாக இருக்க வேண்டும், வெளிநாடு போனாலும் வாயில் நுழைய வேண்டும், பாட்டி பெயர் மாதிரி ஒலிக்கக் கூடாது. இத்தனையிலும் சலித்தால் மிஞ்சுவது கைப்பிடிப் பெயர்கள். அந்தக் கைப்பிடியைத்தான் வீட்டுக்கு வீடு புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

இது இந்தத் தலைமுறைக்கு மட்டும் வந்த கூத்தும் அல்ல. இராமையா அன்பழகன் ஆகவும் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆகவும் தங்கள் பெயரை மாற்றிக்கொண்ட காலத்தை அடுத்து, பிள்ளைக்குக் குலதெய்வத்தின் பெயரை விட்டுவிட்டுத் தமிழ்ச்செல்வி என்றும் கலைச்செல்வி என்றும் வைத்தவர்கள் வீட்டுப் பெரியவர்களின் கோபத்துக்கு அஞ்சாமல்தான் வைத்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வகுப்புக்கு வகுப்பு தமிழ்ச்செல்விகள். அதற்கும் முந்திய தலைமுறையில் உசிலம்பட்டிப் பக்கம் போஸ் என்று பெயர் வைத்தார்கள். என் பணிக்காலத்தில் ஒரு சின்ன ஊரிலேயே பெரிய போஸ், சின்னப் போஸ், டீக்கடை போஸ் என்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் திருடன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

மதுரைக்கு இது பழகிய விஷயம். பாண்டியர்களிலேயே நெடுஞ்செழியன் ஒருவரா இருந்தார்? ஆரியப்படை கடந்தவர் ஒருவர், தலையாலங்கானத்துச் செருவென்றவர் இன்னொருவர். புலவர்களில் சாத்தனார்கள் எத்தனை பேர் என்று தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். மதுரைக் கூலவாணிகன் என்றும் ஒக்கூர் என்றும் ஆடுதுறை என்றும் தொழிலையும் ஊரையும் முன்னால் ஒட்டி வைத்ததால்தான் இன்று நம்மால் ஆளைப் பிரித்தறிய முடிகிறது. ராஜாவுக்கும் புலவருக்குமே தனிப் பெயர் கிடைக்கவில்லை.

அப்படியும் அபூர்வமான பெயர்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்களுக்கு என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது: மீனாட்சி. எங்கள் ஆதனின் வகுப்பில் ஒரு மீனாட்சி இல்லை. பக்கத்து வகுப்பிலும் இல்லை. சொக்கலிங்கம் இல்லை, முனியாண்டி இல்லை, அழகர்சாமி இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே வைகையாற்றில் இறங்கி நிற்கிறது, பள்ளிக்கூடத்தில் கூப்பிட ஓர் அழகர்சாமி கிடையாது!

விளையாட்டுப் பேச்சு இருக்கட்டும். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்படுகிறது என்பது உண்மையில் ரகசியமே இல்லை. அரசின் கையில் அந்தக் கணக்கு இருக்கிறது. எண்ணிச் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசு அமைப்பு, 1880 தொடங்கி எந்த ஆண்டில் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு என்று பட்டியல் போட்டு எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறது. ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள பெயர்களை மட்டும், யாருடைய அந்தரங்கமும் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று விட்டுவிடுகிறார்கள். 1970 முதல் 1984 வரை பெண் குழந்தைகளில் முதலிடம் ஜெனிஃபர் என்ற ஒரே பெயருக்குத்தான். பட்டியல் பொதுவில் இல்லாத அந்தக் காலத்தில் ஜெனிஃபர்களைப் பெற்றவர்கள் எத்தனை பேர் நம் வாசகியைப் போலப் பள்ளி வாசலில் திகைத்து நின்றார்களோ! அதே பட்டியல் ஓர் ஆறுதலையும் தருகிறது. 1880-இல் நூறு ஆண் குழந்தைகளில் எட்டுப் பேருக்கு ஜான் என்று பெயர். இப்போது அங்கே முதலிடத்தில் இருக்கும் பெயரே நூறில் ஒருவருக்குத்தான். ஆக, இந்தக் காலத்தில் 'எல்லோரும் வைக்கும் பெயர்' என்பதுகூட முன்போல எல்லோரும் வைப்பதில்லை. நம் ஊர் நிலவரம் என்ன? பட்டியல் இருந்தால்தானே சொல்ல முடியும்!

இங்கே 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பிறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் இல்லாமலே பதிந்துகொள்ளலாம். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அன்று தொடங்கிப் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்வது முதல் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பதிவெல்லாம் கணினியில் ஏறிவிட்டது. நம் மாநிலத்தில் தலைமைப் பதிவாளர் பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்துத் துறையின் இயக்குநர். அவர் மனம் வைத்தால் ஆண்டுக்கு ஒரு முறை இந்தப் பட்டியலை வெளியிடுவது பெரிய வேலையாக எனக்குத் தோன்றவில்லை. பெயர் சேர்க்க ஓராண்டு அவகாசம் இருக்கிறதே, பட்டியலைப் பார்த்துவிட்டு ஆற அமர முடிவு செய்ய அது தாராளமாகப் போதும்.

வெளியிடும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கணக்கைத் தமிழ் எழுத்தில் எடுக்க வேண்டும். எண் கணிதக்காரர்கள் புண்ணியத்தில் ஒரே ஆதனை ஒரு வீட்டில் முன்னால் இரண்டு 'ஏ' போட்டும், இன்னொரு வீட்டில் 'டி'க்குப் பின்னால் 'எச்' சேர்த்தும் எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்தை வைத்து எண்ணினால் ஒரு பெயர் நாலாகச் சிதறி, நாலும் அபூர்வமாகத் தெரியும். அமெரிக்கப் பட்டியலிலும் இந்தக் கோளாறு உண்டு. எழுத்து ஒன்று மாறினால் தனிப் பெயராக வைத்துவிடுகிறார்கள். தமிழில் எண்ணினால் நமக்கு அந்தத் தொல்லை பெருமளவு இல்லை.

அடுத்தது, பட்டியல் மாவட்ட வாரியாக இருக்க வேண்டும். சென்னையில் எந்தப் பெயர் ஓடுகிறது என்று தெரிந்து மேலூர்க்காரர்களுக்கும் திருமங்கலத்துக்காரர்களுக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருநகர், மதுரை.