காமலாபுரம் விமான நிலையத்திற்கு நேரமொத்த பஸ்ஸும் ஓமலூரில் பெட்டி வைக்க ஓர் அறையும் கோரி மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சேலம்.

பொருள்: ரயிலுக்கும் விமானத்திற்கும் நடுவே சேலத்தில் சில மணி நேரம் காத்திருக்க நேரும் பயணிகளுக்கு வசதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஓமலூர் வட்டாரப் பள்ளிகளில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எனக்கென்று எதையும் கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. ஆனாலும் என் வீட்டாருக்கு நேர்ந்ததைச் சொன்னால்தான் விஷயம் விளங்கும்.

சென்ற மாதம் என் தங்கை மகன், திருநெல்வேலியில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு மனைவி, மகளுடன் ஐதராபாத் திரும்பினான். விடியற்காலையில் சேலம் ஜங்ஷனில் இறங்கினார்கள். விமானமோ பிற்பகலில், காமலாபுரத்தில். ஆத்தூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன். "மாமா, இருக்கிற நேரத்தில் எதையாவது பார்த்துவிட்டுப் போகலாமே" என்றான். அவன் மனைவிக்கு ஏற்காடு பார்க்க ஆசை. நான்தான் தடுத்துவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, ஏரியை எட்டிப் பார்த்து, அதே இருபதையும் இறங்கி, மறுபடி ஓமலூர்ப் பக்கம் வந்து சேருவதற்குள் விமானம் பறந்திருக்கும். அடிவாரத்தில் ஒரு லாரி மடக்கிக்கொண்டால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே தாரமங்கலம் கோயில் என்று முடிவாயிற்று. ஓமலூரிலிருந்து அதிக தூரமில்லை. விமான நிலையமும் ஓமலூரைத் தாண்டித்தான் இருக்கிறது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. மூன்று பெட்டிகளையும் கல்யாண வீட்டுப் பலகாரப் பையையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஓமலூர் பஸ் நிலையத்தில் பெட்டிகளை வைக்க இடம் தேடினோம். ஒரு டீக்கடைக்காரரிடம் கேட்டதற்கு, "ஐயா, எதற்குள் என்ன இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். பெட்டிகளோடே தாரமங்கலம் பஸ்ஸில் ஏறினோம். கைலாசநாதர் கோயில் வாசலில் அவற்றை இறக்கி வைத்ததும், யார் காவல் இருப்பது என்ற கேள்வி எழுந்தது. பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னவனே காவலுக்கு நின்றான்.

இந்தப் பகுதியை முன்பு ஆண்ட கட்டி முதலிகள் காலத்துத் திருப்பணி அந்தக் கோயில். தூணில் நிற்கும் யாளியின் வாய்க்குள் கல் உருண்டை ஒன்று இருக்கிறது. பேத்தி அதற்குள் விரலை விட்டுத் தள்ளினாள். உருண்டை உருண்டது, பல் வரிசைவரை வந்து நின்றது, வெளியே வரவில்லை. "தாத்தா, இதை எப்படி உள்ளே போட்டார்கள்?" என்றாள். போடவில்லை அம்மா, ஒரே கல்லில் உள்ளேயே செதுக்கியது என்றேன். நம்பாமல் இன்னொரு முறை தள்ளிப் பார்த்தாள். வெளியே ஓடி அப்பாவைக் கூப்பிட்டாள். அவன் பெட்டியைக் காட்டினான்.

நடை சாத்தும் நேரம் வந்துவிட்டதால் அவன் உள்ளே போகவே இல்லை. ஓமலூருக்குத் திரும்பி, தர்மபுரி பஸ்ஸில் ஏறி, விமான நிலையத்துக்குப் பிரியும் இடத்தில் இறங்கி, வெயிலில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடந்தோம். வாடகைக் கார் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டோம். ஓட்டுநர் பெட்டிகளைப் பார்த்துவிட்டுச் சொன்ன தொகையை இங்கே எழுத விரும்பவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்க மருமகள் எடுத்து வைத்திருந்த பணம், பிரிக்காமலே ஐதராபாத்துக்குப் போய்விட்டது.

ஐயா, இந்த விமான நிலையத்தின் கதை தாங்கள் அறிந்ததே. 1993இல் திறந்தது, விமானம் இல்லாமல் பல ஆண்டுகள் கிடந்தது, 2018 மார்ச்சில், சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சென்னை விமானம் வந்தது, அதுவும் நின்றது, 2023 அக்டோபரில்தான் மறுபடி உயிர் பெற்றது. ஆள் ஏறினால்தான் விமானம் நிற்காமல் ஓடும். நிலையத்திற்குள் நடப்பது மத்திய அரசின் பொறுப்பு என்பது எனக்குத் தெரியும். வாசலுக்கு வெளியே உள்ளவற்றைத்தான் தங்களிடம் கேட்கிறேன்.

முதலாவது, பஸ். சேலம் ஜங்ஷனிலிருந்து புதிய பஸ் நிலையம், ஓமலூர் வழியாக விமான நிலைய வாசல்வரை, விமான நேரத்தை ஒட்டி ஒரு டவுன் பஸ் இயக்க அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கு ஆணையிட வேண்டும். இங்கே வருபவை ஏடிஆர் ரகச் சிறு விமானங்கள். ஒன்றில் நூறு பேர்கூட வருவதில்லை. ஒரு பஸ் தாராளமாகப் போதும். ஆனால் விமானம் தாமதித்தால் பஸ்ஸும் காத்திருக்க வேண்டும். காலி பஸ் நேரப்படி கிளம்பிப் போவதால் யாருக்கும் பயனில்லை.

இரண்டாவது, ஓமலூர் பஸ் நிலையத்தில் பூட்டி வைக்கத்தக்க ஓர் அறை. ரசீது கொடுத்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளட்டும். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றிடம் ஒப்படைத்தால் அவர்களுக்கும் வருமானம். பக்கத்திலேயே தட்டுவடை செட்டும், பருவத்தில் மல்கோவாவும் வைத்தால், பெட்டியை எடுக்க வருகிறவர் வெறுங்கையோடு போக மாட்டார். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த அறைதான். பஸ் கிடைக்கத் தாமதமானாலும் இதை முதலில் செய்யலாம்.

வாடகைக் கார் கட்டணத்தை வாசலில் எழுதி வைக்கச் செய்வதும் நல்லது.

கடைசியாக, ஜங்ஷனிலும் விமான நிலைய வாசலிலும் ஒரு பலகை. கையில் நாலு மணி நேரம் இருந்தால் தாரமங்கலம். ஆறு இருந்தால் 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணை, தண்ணீர் திறந்திருக்கும் நாளானால் பதினாறு கண் மதகு. எட்டுக்குக் குறைந்தால் ஏற்காட்டுக்குப் போகாதீர்கள். இப்படி வெளிப்படையாக எழுத வேண்டும். கோயில் நடை சாத்தும் நேரமும், ஓமலூருக்குக் கடைசியாகத் திரும்ப வேண்டிய நேரமும் அதில் இருக்க வேண்டும். பலகைக்கான வாசகத்தைப் பிழையின்றி எழுதித் தர நான் தயார், கூலி வேண்டாம்.

என் தங்கை மகன் தைப் பொங்கலுக்கு மறுபடி இதே வழியாக வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் அந்த அறை மட்டுமாவது திறக்கப்பட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இடம்: ஆத்தூர்