தூய்மை அறையின் காற்றை இரவில் நிறுத்தாதீர்கள்: பல்கலைக்கழக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக, தூசியையும் ஈரப்பதத்தையும் கட்டுக்குள் வைத்திருக்கும் ஆய்வகமான தூய்மை அறையின் காற்றுப் பதன இயந்திரங்களை இரவிலும் விடுமுறை நாள்களிலும் நிறுத்தச் சொல்லும் சுற்றறிக்கையைத் தாங்களே வெளியிட்டிருப்பதால் அதன் பின்னணியை விளக்கத் தேவையில்லை. அதைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

கண்ணாடியின் மீது படிந்த, மின்சாரம் கடத்தும் இண்டியம் டின் ஆக்சைடு படலத்தை 10 மைக்ரோமீட்டர் அகலக் கோடுகளாக வடிப்பது எங்கள் அன்றாட வேலை. ஒளி பட்டால் கரையும் தன்மை மாறும் ஃபோட்டோரெசிஸ்ட் (சுருக்கமாக ரெசிஸ்ட்) என்னும் பூச்சைப் பூசி, கோடுகளின் வடிவம் பொறித்த மாஸ்க் வழியே 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, டெவலப்பர் கரைசலில் கழுவிய பின், ரெசிஸ்ட் மூடாத இடங்களை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கிறோம். இரவெல்லாம் மழைக்காலக் காற்று தேங்கிய அறையில், கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடுகிறது; அதன்மேல் ரெசிஸ்ட் இறுகப் பிடிப்பதில்லை. விளிம்பு தூக்கிக்கொள்ள, அமிலம் அடியில் புகுந்து இருபுறமும் அரித்து, நுண்ணோக்கியில் பார்க்கும்போது கோடு அறுந்து கிடக்கிறது. கண்ணாடித் தகட்டைச் சூடேற்றி, ரெசிஸ்ட் ஒட்ட உதவும் எச்எம்டிஎஸ் என்னும் வேதிப்பொருளைப் பூசினால் ஓரளவு தப்பலாம். ஆனால் காலையில் இயந்திரத்தை இயக்கிய பிறகு ஈரப்பதம் நிலைக்கு வரவே நண்பகலாகிவிடுகிறது. தூசி புகாதிருக்க வெளியைவிட அதிகமாக வைக்கப்படும் அறையின் உள்ளழுத்தம் குறைந்த இரவில் புகுந்த தூசியோ அதற்குப் பிறகும் இருக்கிறது. ஐந்து மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள இரு தங்க மின்முனைகளுக்கு நடுவே ரெசிஸ்டில் ஒரு தூசி விழுந்தாலே அவை ஒன்றோடொன்று இணைந்து, அந்தக் கருவியே வீணாகலாம். துத்தநாகச் சுத்திகரிப்பின் துணைப்பொருளாகவே பெரிதும் கிடைக்கும் இண்டியமும், தங்கமும் இப்படிக் குப்பைக்குப் போகின்றன. மிச்சமாகும் மின்கட்டணத்தோடு இந்தச் செலவையும் யாரேனும் ஒப்பிட்டுப் பார்த்தார்களா?

அரைக்கடத்தித் துறைக்கென 2021ஆம் ஆண்டில் 76,000 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒன்றிய அரசு அறிவித்தது. பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அந்த ஆட்கள் கைபழகும் இடம் இதுபோன்ற அறைகள்தாம். செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் கை வைக்கப்படுவதும் இவற்றின் மீதே. கட்டடம் திறக்கக் கிடைக்கும் பணம் அதைப் பராமரிக்கக் கிடைப்பதில்லை என்பது எங்களை மிகவும் வருத்துகிறது.

குறை கூறுவதோடு நிறுத்திக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் விசிறிகளின் வேகத்தைக் குறைத்து, ஈரப்பதத்தையும் உள்ளழுத்தத்தையும் மட்டும் காத்துவந்தால் மின்சாரமும் மிச்சமாகும், அறையும் கெடாது. ஆகவே, காற்றுப் பதனத்தை முற்றாக நிறுத்தும் உத்தரவைத் திரும்பப் பெற்று, இந்த மாற்று ஏற்பாட்டைப் பராமரிப்புப் பொறியாளர்களோடும் எங்களோடும் கலந்து பேசி நடைமுறைப்படுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தூய்மை அறையைப் பயன்படுத்தும் ஆய்வு மாணவர்கள்